தண்ணீரைச் சேமிக்கத் தொடங்கும் முன் ஒரு ராத்திரி மீட்டரைப் பாருங்கள்

தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழியுங்கள் என்று நகர நிர்வாகம் கேட்டுக்கொண்டால், நம்மில் பலர் உடனே செய்வது பல் தேய்க்கும்போது குழாயை மூடுவதுதான். நல்ல பழக்கம், விடாதீர்கள். ஆனால் வீட்டில் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்றே தெரியாமல் குழாயை மட்டும் மூடிக்கொண்டிருந்தால், பெரிய ஓட்டை அப்படியே இருக்கும். அதனால் முதலில் அளந்து பாருங்கள், பழக்கங்களை அப்புறம் மாற்றலாம்.

இன்று இரவு எல்லோரும் படுக்கப் போனதும் மீட்டரை போட்டோ எடுங்கள், கடைசி இலக்கம்வரை தெளிவாகத் தெரியட்டும். காலையில் யாரும் குழாயைத் தொடும் முன் இன்னொரு போட்டோ. யாரும் தண்ணீர் எடுக்காமலேயே எண் நகர்ந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. மேல்நிலைத் தொட்டி இருக்கும் வீட்டில் மீட்டரை மட்டும் நம்ப முடியாது, ஏனென்றால் தொட்டி நிரம்பும்போதும் அது ஓடும். அங்கே தொட்டிக்கு வரும் வால்வை மூடிவிட்டு, தண்ணீர் நிற்கும் மட்டத்தில் ஒரு கோடு போட்டு வைத்துக் காலையில் பாருங்கள்.

ஒழுகுகிறது என்று தெரிந்தால் முதலில் கழிப்பறைக்குப் போங்கள். எங்கள் வீட்டில் எல்லாக் குழாய்களையும் முறுக்கிப் பார்த்துக் களைத்த பிறகுதான் ஃப்ளஷ் டேங்க் ஞாபகமே வந்தது. சத்தமே இல்லாமல் மெல்லிய கோடாக இறங்கிக்கொண்டிருந்தது, எத்தனை மாதமாகவோ. உணவில் சேர்க்கும் கலர் சில சொட்டுகளை டேங்கில் விட்டு, 20 நிமிடம் ஃப்ளஷ் செய்யாமல் இருங்கள். கீழே கிண்ணத்தில் நிறம் வந்தால், அடியில் இருக்கும் ரப்பர் அடைப்பான் இறுகிப்போயிருக்கலாம், அதை மாற்ற வேண்டும். உள்ளே நிற்கும் ஓவர்ஃப்ளோ குழாய்க்குள் தண்ணீர் வழிந்தால் கோளாறு மிதவையில், தண்ணீர் அந்தக் குழாயின் வாய்க்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழேயே நின்றுவிடும்படி அதைத் தாழ்த்துங்கள். பழைய டேங்க் ஒரு தடவைக்கு 13 லிட்டர்கூடக் கொட்டும், இப்போது வருபவை 6 லிட்டர் அல்லது அதற்கும் குறைவு. டேங்கையே மாற்ற முடியாதவர்கள் தண்ணீர் நிரப்பி மூடிய ஒரு லிட்டர் பாட்டிலை, அசையும் பாகங்களில் படாமல் உள்ளே வைக்கலாம். செங்கல் மட்டும் வேண்டாம், ஊறிக் கரைந்து அடைத்துக்கொள்ளும்.

சொட்டும் குழாயைச் சின்ன விஷயம் என்று விடாதீர்கள். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளுக்கு 86,400 சொட்டு, சொட்டின் பருமனைப் பொறுத்து 20 லிட்டர்வரைகூடப் போகும். நம்பிக்கை வராவிட்டால் ஒரு மணி நேரம் டம்ளரை வைத்துப் பிடித்து 24-ஆல் பெருக்கிப் பாருங்கள்.

அப்புறம் ஷவர். 10 நொடி வாளியில் பிடித்து, அளந்து, ஆறால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 10 லிட்டர் வந்தால் ஐந்து நிமிடக் குளியலுக்கே 50 லிட்டர். 2018-இல் தென் ஆப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம் வறட்சியில் சிக்கியபோது, குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க, கழிப்பறைக்கு என எல்லாவற்றுக்கும் சேர்த்து ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு அனுமதித்ததே அந்த 50 லிட்டர்தான். தண்ணீரைக் குறைத்து விடும் ஷவர் முகப்பை மாட்டுங்கள், சோப்பு போடும்போது மூடிவிடுங்கள். வெந்நீர் மிச்சமானால் அதைச் சூடாக்கும் மின்சாரமும் மிச்சம்.

ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை வாளியில் பிடித்துத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் உப்பு கூடுதல் என்பதால் செடிகளுக்குத் தொடர்ந்து ஊற்ற வேண்டாம். காய்கறி கழுவிய தண்ணீரைத் தாராளமாக ஊற்றலாம், ஆனால் எந்தக் கழுவிய தண்ணீரையும் ஒரு நாளுக்கு மேல் தேக்கி வைக்காதீர்கள், நாறிவிடும். செடிக்கு வெயில் ஏறும் முன் ஊற்றி, வேரடியில் காய்ந்த இலைகளைப் பரப்பி வைத்தால் ஈரம் நீண்ட நேரம் நிற்கும்.

மழையையும் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர், ஆக 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 1,000 லிட்டர். வழியில் கொஞ்சம் வீணானாலும் பெரும்பகுதியைப் பிடித்துவிடலாம். கூரைத் தூசியைக் கழுவி வரும் முதல் தண்ணீரை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள்.

வெளியே விடுவது என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல நகரங்களில் தெருவோர மழைநீர் வடிகால் சுத்திகரிப்பு எதுவும் இல்லாமல் நேராக ஆற்றுக்கோ ஏரிக்கோ போகிறது. அதில் வண்டி கழுவிய சோப்புத் தண்ணீர், பெயின்ட், எண்ணெய் எதையும் ஊற்றாதீர்கள். சமையல் எண்ணெயைக் காகிதத்தில் துடைத்துக் குப்பையில் போடுங்கள், காலாவதியான மருந்தைக் கழிப்பறையில் கொட்டாதீர்கள்.

கடைசியாக, தெருவில் குழாய் உடைந்து ஓடினால் யாராவது சொல்லியிருப்பார்கள் என்று கடந்து போகாதீர்கள். இடத்தை அடையாளம் தெரியும்படி போட்டோ எடுத்துப் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கி வையுங்கள். இரண்டு நாளில் யாரும் வரவில்லை என்றால் அதே எண்ணைச் சொல்லி மறுபடி கூப்பிடுங்கள்.