நெதர்லாந்துக்குப் புதிதாக வந்தவர்கள் டச்சு மொழிப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

வேலைக்காகவோ குடும்பத்துடன் சேர்ந்து வாழவோ நெதர்லாந்துக்கு வந்து, டச்சு படிப்பது என்று முடிவெடுத்துவிட்டு, எந்தப் பள்ளியில் சேர்வது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். படிக்க வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஐந்தோவன் நகரில் அலுவலகம் முழுவதும் ஆங்கிலத்தில் நடந்தாலும், குழந்தையின் பள்ளிக்கூடக் கடிதமும், குடும்ப மருத்துவரின் தொலைபேசியில் ஒலிக்கும் பதிவும், நகராட்சியின் அறிவிப்பும் டச்சில்தான் வருகின்றன என்பது வந்த சில வாரங்களிலேயே புரிந்துவிடும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பள்ளியின் பெயரும் விளம்பரமும் கடைசியில் பார்க்க வேண்டியவை, முதலில் பார்க்க வேண்டியது, அந்த வகுப்பில் நீங்கள் எத்தனை நிமிடம் வாய்திறந்து பேசப்போகிறீர்கள் என்பதுதான்.

படி 1: எந்தத் தேர்வு என்பதை முடிவு செய்யுங்கள்

டச்சுப் பாடங்கள் எல்லாம் ஏ1 (தொடக்க நிலை) முதல் சி2 (மிக உயர்ந்த நிலை) வரையிலான ஐரோப்பிய அளவுகோலின்படி பிரிக்கப்பட்டிருக்கின்றன. உங்களுக்கு எந்தப் படிநிலை வேண்டும் என்பதை உங்கள் ஆர்வம் மட்டும் தீர்மானிப்பதில்லை. உங்கள் குடியிருப்பு அனுமதியும் தீர்மானிக்கிறது. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தின்படி, இன்பர்கரிங் எனப்படும் ஒருங்கிணைப்புக் கடமை (டச்சு மொழியையும் சமூகத்தையும் கற்றுத் தேர்வில் தேறும் கடமை) உள்ளவர்கள் பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குள் பி1 நிலையை எட்ட வேண்டும். அதற்கு முந்தைய சட்டத்தின் கீழ் வந்தவர்களுக்கு ஏ2 போதுமானதாக இருந்தது. கடமை இருந்தால் டுவோ என்ற அரசுக் கல்வி நிர்வாக அலுவலகத்திலிருந்து கடிதம் வரும். பள்ளி தேடத் தொடங்குமுன் அந்தக் கடிதத்தைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மென்பொருள், பொறியியல் போன்ற துறைகளில் உயர்திறன் பணியாளர் அனுமதியில் வந்தவர்களுக்கு இந்தக் கடமை இல்லை. ஆனால் ஐந்து ஆண்டுகள் கழித்து நிரந்தரக் குடியிருப்போ குடியுரிமையோ கேட்கும்போது இதே இன்பர்கரிங் தேர்வு எதிரே வந்து நிற்கும். இதை எழுதும்போது குடியுரிமைக்குக் கேட்கப்படும் நிலை ஏ2. அதை உயர்த்த வேண்டும் என்ற பேச்சும் அரசியலில் இருக்கிறது. எனவே நேரம் இருப்பவர்கள் பி1-ஐக் குறிவைப்பதே நல்லது என்பது என் கருத்து.

டச்சு மொழியிலேயே வேலை பார்க்கவோ மேற்படிப்புப் படிக்கவோ விரும்புபவர்களுக்கு என்டி2 (இரண்டாம் மொழியாக டச்சு) அரசுத் தேர்வு இருக்கிறது. அதன் முதல் பிரிவு பி1 நிலை, இரண்டாம் பிரிவு பி2 நிலை. வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கையும் தனித்தனியாக எழுதித் தேறலாம்.

படி 2: பள்ளிகளின் வகைகளை அறிந்துகொள்ளுங்கள்

லைடன், குரோனிங்கன், டெல்ஃப்ட் போன்ற பல்கலைக்கழக நகரங்களில் பல்கலைக்கழகத்தின் மொழி மையங்களே வெளியாருக்கும் வகுப்பு நடத்துகின்றன. வேகம் அதிகம், வீட்டுப்பாடமும் அதிகம். பட்டம் பெற்றவர்களுக்கு ஏற்ற இடம். டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான டெல்ஃப்ட் முறையில், பாடப்பகுதியை வீட்டிலேயே திரும்பத் திரும்பக் கேட்டுப் படித்துவிட்டு, வகுப்புக்குப் பேச மட்டுமே வர வேண்டும். நாள்தோறும் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடியாதவர்கள் அதில் சேர வேண்டாம். ஒதுக்க முடிந்தவர்களுக்கு அதைவிட நல்ல முறையை நான் பார்த்ததில்லை.

ஆர்ஓசி எனப்படும் வட்டாரத் தொழிற்கல்வி நிறுவனங்களில் பெரும்பாலும் இன்பர்கரிங் கடமை உள்ளவர்கள் படிக்கிறார்கள். பகல் வகுப்புகள் அதிகம். மக்கள் பல்கலைக்கழகம் என்ற பொருளில் ஃபோல்க்ஸ்யூனிவர்சிடைட் என்று அழைக்கப்படும் அமைப்புகள் மாலையில், பெரும்பாலும் வாரம் ஒரு முறை, குறைந்த கட்டணத்தில் நடத்துகின்றன. வாரம் ஒரு வகுப்பு என்பது படித்ததை மறக்காமலிருக்க உதவுமே தவிர, முன்னேற உதவாது. வுக்ட் என்ற ஊரில் கன்னியாஸ்திரிகள் தொடங்கிய ரெஜினா கோலி நிறுவனத்தில் நாள் முழுவதும் தனித்தனி ஆசிரியருடன் தீவிரமாகப் பயிலலாம். கட்டணம் மிக அதிகம் என்பதால் நிறுவனம் செலுத்தினால் மட்டுமே யோசிக்கத்தக்கது. நூலகங்களில் நடக்கும் மொழிக் கூடல்களும் தன்னார்வலர்களுடனான உரையாடலும் இலவசம் அல்லது ஏறக்குறைய இலவசம். அவற்றுக்குக் கட்டாயம் போங்கள். ஆனால் அவற்றைப் பள்ளிக்கு மாற்றாக எண்ணாதீர்கள்.

படி 3: படிநிலைப் பெயர்களை நம்பாமல், உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள்

நான் அதிக நேரம் செலவிட்டது இந்தப் படியில்தான், எனவே சற்று விரிவாகவே சொல்கிறேன். "ஏ2 வகுப்பு" என்று இரண்டு பள்ளிகள் எழுதியிருந்தால், இரண்டும் ஒன்றே என்று நினைக்கக் கூடாது. ஒரு பள்ளியில் அது ஏ2-ஐ முடித்துத் தரும் வகுப்பு. மற்றொரு பள்ளியில் ஏ2-இன் மூன்று பகுதிகளில் முதல் பகுதி மட்டும், அதற்குப் பிறகு இரண்டு முறை பணம் கட்ட வேண்டியிருக்கும். இன்னொரு பள்ளியில் ஏ2-ஐ ஏற்கெனவே முடித்தவர்கள் பி1 நோக்கிப் போகும் வகுப்பைக்கூட அப்படி அழைக்கிறார்கள். எனவே மூன்று கேள்விகளை மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள்: இந்த வகுப்பில் சேர என்ன நிலை வேண்டும், முடிக்கும்போது என்ன நிலையில் இருப்பேன், எந்தப் பாடநூலின் எந்த அத்தியாயம் முதல் எந்த அத்தியாயம் வரை நடத்துவீர்கள்? மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் தரும் பள்ளி பெரும்பாலும் நல்ல பள்ளியாகவே இருக்கிறது. தொலைபேசியில் கேட்பதைவிட எழுத்தில் கேட்பது மேல். பிறகு ஒப்பிடும்போது பதில்கள் கண்முன்னே இருக்கும்.

இதனுடன் சேர்ந்தது சேர்க்கைக்கு முந்தைய நிலையறி சோதனை. ஆங்கிலத்தில் படித்து வளர்ந்த நம்மவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. டச்சும் ஆங்கிலமும் உறவு மொழிகள் என்பதால், நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் எழுத்துச் சோதனையில் நாம் நம் உண்மையான நிலையைவிட அதிக மதிப்பெண் பெற்றுவிடுகிறோம். தாளில் பார்த்தால் பாதிச் சொற்கள் அடையாளம் தெரியும். ஆனால் அதே சொற்களை ஆசிரியர் இயல்பான வேகத்தில் சொல்லும்போது காதில் பிடிபடாது, பதில் சொல்ல வாயும் எழாது. அந்த மதிப்பெண்ணை வைத்து மேல்வகுப்பில் உட்காரவைக்கப்பட்டால், முழுப் பருவமும் தலையாட்டிக்கொண்டே கழிந்துவிடும். ஆகவே இணையத்தில் நிரப்பும் சோதனையோடு நின்றுவிடாமல், 15 நிமிடமாவது ஆசிரியர் ஒருவர் உங்களுடன் பேசிப் பார்க்கும் பள்ளியைத் தேடுங்கள். அவர்கள் ஒரு வகுப்பு கீழே போகச் சொன்னால் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்ளுங்கள்.

படி 4: கட்டணத்தை மணிக்கணக்கில் ஒப்பிடுங்கள்

விளம்பரத்தில் உள்ள தொகையை அப்படியே ஒப்பிடுவதில் பயனில்லை. ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். முதல் பள்ளி 600 யூரோ கேட்டு 30 மணி நேரம் நடத்துகிறது. இரண்டாவது பள்ளி 480 யூரோ கேட்டு 12 வகுப்புகள் நடத்துகிறது, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம், அதாவது மொத்தம் 18 மணி நேரம். மேலும் 21 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி தனி. வரியைச் சேர்த்தால் இரண்டாவது பள்ளியின் கட்டணம் 580.80 யூரோ. மணிக்கு முதல் பள்ளியில் 20 யூரோ, இரண்டாவதில் 32 யூரோவுக்கு மேல். சிஆர்கேபிஓ எனப்படும் குறுகியகாலத் தொழிற்கல்வி நிறுவனங்களின் பதிவேட்டில் உள்ள பள்ளிகள் இந்த வரி இல்லாமல் பாடம் நடத்த முடியும். எனவே கட்டணத்தில் வரி உண்டா என்பதைத் தவறாமல் கேளுங்கள். ஒரு பாடவேளை 60 நிமிடமா 45 நிமிடமா என்பதையும், புத்தக விலை சேர்ந்ததா என்பதையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள்.

பணம் கட்டுமுன் அலுவலகத்தின் மனிதவளப் பிரிவிடம் பேசுங்கள். மொழிப் பயிற்சிக்கான செலவை ஊழியருக்கு வரியில்லாமல் ஈடுசெய்ய டச்சு வரிச் சட்டத்தில் இடமிருக்கிறது. பலரும் கேட்காததாலேயே அதை இழக்கிறார்கள். இன்பர்கரிங் கடமை உள்ளவர்கள் வருமான நிபந்தனைகளுக்கு உட்பட்டு டுவோவிடம் 10,000 யூரோ வரை கடன் பெறலாம். அப்படிக் கடன் வாங்கினால், ப்ளிக் ஓப் வெர்க் தரச்சான்று பெற்ற பள்ளியில்தான் சேர வேண்டும். சொந்தப் பணத்தில் படிப்பவர்களுக்கு அந்தச் சான்று கட்டாயமில்லை. சான்று இல்லாத சிறிய பள்ளிகளிலும் அருமையான ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

பின்னர் சேர்த்தது: ஸ்டாப் என்ற அரசு உதவித்தொகையில் 1,000 யூரோ கிடைக்குமே என்று சிலர் கேட்டிருந்தார்கள். 2022-இல் தொடங்கிய அந்தத் திட்டம் 2024-இன் தொடக்கத்தோடு நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய வழிகாட்டிகளில் இன்னும் அது இருப்பதைப் பார்த்து, அந்தப் பணத்தை எண்ணித் திட்டமிட வேண்டாம்.

படி 5: மாதிரி வகுப்பில் கடிகாரத்தைப் பாருங்கள்

பட்டியல் இரண்டு மூன்று பள்ளிகளாகச் சுருங்கியதும், ஒவ்வொன்றிலும் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். உட்கார்ந்ததும் ஆசிரியர் எவ்வளவு இனிமையானவர் என்பதைப் பார்க்காமல், மாணவர்கள் எவ்வளவு பேசுகிறார்கள் என்பதைக் கணக்கிடுங்கள். 90 நிமிட வகுப்பில் 12 பேர் இருக்கிறார்கள், ஆசிரியர் பாதி நேரம் விளக்குகிறார், மீதி நேரத்தில் "வார இறுதியில் என்ன செய்தீர்கள்?" என்று வரிசையாக ஒவ்வொருவரையும் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு நான்கு நிமிடம்கூடக் கிடைக்காது. மீதி நேரமெல்லாம் அவர் மற்ற 11 பேரின் தடுமாற்றத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். அதே கேள்வியைப் பலகையில் எழுதிவிட்டு, இரண்டிரண்டு பேராக அரை மணி நேரம் பேசவைத்து, ஆசிரியர் மேசைக்கு மேசை நடந்து திருத்தினால், ஒவ்வொருவருக்கும் 15 நிமிடம் கிடைக்கிறது. கட்டணம் ஒன்றுதான், ஆட்களின் எண்ணிக்கையும் ஒன்றுதான், ஆனால் பேசும் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்கு. சிறிய குழு என்று விளம்பரப்படுத்தும் பள்ளிகளைவிட, பெரிய குழுவை இப்படி நடத்தத் தெரிந்த ஆசிரியர் உள்ள பள்ளியையே நான் பரிந்துரைப்பேன்.

மேலும் இரண்டைக் கவனியுங்கள். ஒன்று, ஆசிரியர் ஆங்கிலத்துக்குத் தாவுகிறாரா? கடையிலும் அலுவலகத்திலும் நாம் சற்றுத் தடுமாறினாலே டச்சுக்காரர்கள் உதவும் எண்ணத்தில் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள். வகுப்பிலும் அதுவே நடந்தால், டச்சில் தட்டுத் தடுமாறிப் பேசிப் பழக வேறு இடமே இருக்காது. முதல் சில வாரங்களுக்குப் பிறகு முழுவதும் டச்சிலேயே நடக்கும் வகுப்பைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு, தவறுகள் எப்படித் திருத்தப்படுகின்றன? காரணம் சொல்லும் துணை வாக்கியத்தில் டச்சு வினை கடைசியில் வரும். தமிழர்களுக்கு இது பழகிய ஒழுங்கு என்றாலும், ஆங்கிலத்தின் வழியாக யோசிப்பதால் வினையை முன்னாலேயே வைத்துவிடுகிறோம். நல்ல ஆசிரியர் உடனே நிறுத்தி, அந்த வாக்கியத்தை மாணவர் வாயாலேயே மறுபடி சொல்லவைப்பார். சரியான வாக்கியத்தைத் தானே சொல்லிவிட்டு அடுத்தவரிடம் நகரும் வகுப்பில் அந்தப் பிழை அப்படியே தங்கிவிடும்.

ஐந்தோவன் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு: இந்தப் பிரபாந்து வட்டாரத்தில், ஜி எழுத்தின் தொண்டையில் உரசும் ஒலி மென்மையாகவே ஒலிக்கும். அதையே கற்றுக்கொள்ளலாம், நாடு முழுவதும் புரியும்.

படி 6: வகுப்புக்கு வெளியே என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைச் சேர்த்துத் திட்டமிடுங்கள்

புள்ளிகள் தரும் கைப்பேசிச் செயலிகளை நான் பரிந்துரைப்பதில்லை. அவற்றில் சொல்லை அடையாளம் காணப் பழகுகிறோமே தவிர, சொல்லப் பழகுவதில்லை. ஆங்கி என்ற, கேள்வி-பதில் அட்டைகளைத் திரும்பத் திரும்பக் காட்டும் செயலியில், தனிச் சொற்களாக இல்லாமல், வகுப்பில் வந்த முழு வாக்கியங்களை ஒலியுடன் சேர்த்து வைத்துக்கொள்வது போதும். கேட்டுப் பழக, என்ஓஎஸ் என்ற பொது ஒளிபரப்பு நிறுவனம் ஒளிபரப்பும் சிறுவர் செய்திகளைவிட நல்லது இல்லை: தெளிவான உச்சரிப்பு, அன்றாடச் சொற்கள், நாட்டில் என்ன நடக்கிறது என்ற அறிவும் கூடவே கிடைக்கும். டுவோ தன் இணையதளத்தில் இன்பர்கரிங் மாதிரித் தேர்வுகளை இலவசமாகவே வைத்திருக்கிறது. அதற்காக யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

படி 7: விதிகளைப் படித்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்

போதுமான ஆட்கள் சேராவிட்டால் வகுப்பு ரத்தாகுமா, ரத்தானால் பணம் எத்தனை நாளில் திரும்பும், வேலை காரணமாகத் தவறவிட்ட வகுப்பை வேறு குழுவில் ஈடுசெய்யலாமா என்பவற்றை விதிமுறைகளில் தேடிப் படியுங்கள். இணையம் வழியாகத் தனிநபராகப் பதிவு செய்தால், பொதுவாக 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளும் உரிமை சட்டப்படி உண்டு. நிறுவனத்தின் பெயரில் பதிவு செய்தால் அந்த நுகர்வோர் பாதுகாப்பு பொருந்தாது. பல பள்ளிகளில் புதிய குழுக்கள் செப்டம்பரிலும் ஜனவரியிலும் தொடங்குகின்றன. மாலை வகுப்புகள் முதலில் நிரம்பிவிடும் என்பதால், செப்டம்பரில் சேர நினைப்பவர்கள் கோடை விடுமுறைக்கு முன்பே, ஜூன் மாதத்திலேயே, நிலையறி சோதனையை முடித்துவிடுவது நல்லது.