மழை வந்தால் விழும் ட்ரிப் சுவிட்ச்

மலையகத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் மின் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். மழையும் பனிமூட்டமும் சேரும் நாட்களில் ஒரு விடுதியில் ட்ரிப் சுவிட்ச், அதாவது கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் தானாகவே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச், விழுந்துகொண்டே இருந்தது. "அண்ணே, திரும்பவும் கரண்ட் போயிட்டு" என்று பிள்ளைகள் ஓடி வருவார்கள். போய்ப் பார்த்தால், தொல்லை தாங்காமல் யாரோ அதைத் தாண்டி வயரை நேரடியாகவே கொடுத்திருந்தார்கள். ஈரக் காலோடு நடக்கும் இடம், 230 வோல்ட். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது.

முதலில் அந்த வயரைக் கழற்றினேன். பிறகு பிரேக்கர்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தேன், எல்லாம் அணைந்திருக்கும்போதும் சில வேளை விழுந்தது. இங்கேதான் பலர் சுவிட்ச்தான் பழுது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒற்றைப் பிரேக்கர் லைவ் வயரை மட்டும்தான் துண்டிக்கும், கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் வயர் அப்படியே இணைந்திருக்கும், அது எர்த்தில் தொட்டாலும் ட்ரிப் விழும். சரி என்று மெயினை அணைத்து, நியூட்ரல் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றுக்கும் எர்த்துக்கும் இடையிலான காப்புத் தடையை 500 வோல்ட் மெகரில், அதாவது அதை அளக்கும் கருவியில், பார்த்தேன். ஒரு மெகா ஓமுக்குக் குறையக் கூடாது, ஒரு வயரில் மட்டும் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. அதைப் பிடித்துக்கொண்டே போனால் பின்பக்க வெளிவிளக்கு, உள்ளே மழைத்தண்ணீர்.

விளக்கை மாற்றி, வயர் நுழையும் துளையை அடைத்தேன். புதிதாக, 30 மில்லி அம்பியர் கசிந்தாலே விழும் ட்ரிப் சுவிட்ச் போட்டேன். அதன் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை நானே போய் அழுத்திப் பார்க்கிறேன்.