பனியன் தொழிலில் அக்கறை தடம் மாறும் இடங்கள்: புதிதாக யூனிட் போடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூரில் சொந்தமாக ஜாப் ஒர்க் யூனிட் (எக்ஸ்போர்ட்டர் தரும் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் இடம்) தொடங்கும் இளைஞர்கள் யோசனை கேட்டு வருவதுண்டு. கூலியை நேரத்தில் கொடுக்க வேண்டும், ஆட்களை மரியாதைக் குறைவாகப் பேசக்கூடாது என்பதையெல்லாம் அவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தொழிலாளர் மீதும், ஆர்டர் தரும் பார்ட்டி மீதும் மெய்யான அக்கறை உள்ளவர்களே அதைத் தவறான இடத்தில் காட்டி, எங்கள் தலைமுறை பட்ட நஷ்டத்தையே மறுபடியும் படுவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

தையல் தளத்தில் கேட்காமல் தேதி கொடுப்பது

எக்ஸ்போர்ட்டரின் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர், "சனிக்கிழமை கிடைக்குமா?" என்று கேட்கிறார், "முடித்துத் தந்துவிடலாம் சார்" என்று பதில் வருகிறது. சாயப்பட்டறையிலிருந்து துணி வந்து சேரவில்லை என்பதும், ஓவர்லாக் டெய்லர்கள் இருவர் ஊருக்குப் போயிருப்பதும் தெரிந்திருந்தும், பார்ட்டியின் மனம் நோகக்கூடாது என்ற எண்ணத்தில் அந்தப் பதிலைச் சொல்லிவிடுகிறார்கள். இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான்.

முடியாது என்பதைத் திங்கட்கிழமையே சொல்லியிருந்தால், எக்ஸ்போர்ட்டர் வெட்டிய துணியில் பாதியை வேறு யூனிட்டுக்கு மாற்றியிருப்பார், அல்லது வெளிநாட்டு பையரிடம் சில நாள் அவகாசம் கேட்டிருப்பார். வெள்ளிக்கிழமை மாலை சொன்னால் அவருக்கு இருப்பது ஒரே வழி. தூத்துக்குடியில் கப்பல் ஏற வேண்டிய சரக்கு விமானத்தில் போகும். பல மடங்கு ஏறும் அந்தக் கட்டணம் பிடித்தம் சொல்லும் டெபிட் நோட்டாக உங்கள் பில்லில் வந்து விழும்.

இடைப்பட்ட நாட்களில் அந்த 'சார்' என்ற பணிவின் சுமை முழுவதும் டெய்லர்களின் முதுகில் ஏறுகிறது. எட்டு மணி நேர ஷிப்ட் முடிந்த பின்னும் நான்கு மணி நேரம் உட்காரவைத்து 'ஒன்றரை ஷிப்ட்' என்று நோட்டில் எழுதுகிறோமே, சட்டப்படி மிகைநேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்பதால் அது இரண்டு ஷிப்டாக எழுதப்பட வேண்டியது என்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்?

அண்மையில் ஒரு புது யூனிட்டில், குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டருக்காக இரவு வேலை ஓடிக்கொண்டிருந்தது. கழுத்துப் பட்டி வைத்துக்கொண்டிருந்த டெய்லருக்கு ஊசி உடைந்தது. உடைந்த துண்டுகள் அனைத்தையும் தேடி எடுத்து, பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டிய பிறகே புது ஊசி தரப்பட வேண்டும். ஒரு துண்டு கிடைக்காவிட்டாலும் அங்கிருக்கும் பீஸ்களையெல்லாம் மெட்டல் டிடெக்டரில் விட்டுப் பார்க்க வேண்டும். அன்றைக்கு முதலாளி மணிக்கொரு முறை வந்து எண்ணிக்கை கேட்டுக்கொண்டிருந்ததால், நேரம் போய்விடுமே என்ற பயத்தில் அந்த டெய்லர் தன்னிடமிருந்த ஊசியை மாட்டித் தைக்கத் தொடங்கிவிட்டார். மறுநாள் எக்ஸ்போர்ட்டரின் பேக்கிங்கில் டிடெக்டர் கத்தியது. கட்டிய பெட்டிகள் அனைத்தும் பிரிக்கப்பட்டன. அந்த இளம் முதலாளி டெய்லரைத் திட்டியபோது, தேதி கொடுத்தது யார் என்று கேட்டேன். பதில் இல்லை.

ஈஎஸ்ஐ இருக்க வேண்டிய இடத்தில் கைக்காசு

ஈஎஸ்ஐ என்பது தொழிலாளியும் முதலாளியும் பங்கு கட்டும் அரசு மருத்துவக் காப்பீடு. "பிடித்தம் வேண்டாம், கையில் முழுசாகக் கொடுத்துவிடுங்கள்" என்று தொழிலாளர்களே கேட்பார்கள். "நம் ஆட்கள்தானே, உடம்புக்கு வந்தால் நான் பார்த்துக்கொள்ள மாட்டேனா?" என்று முதலாளியும் இசைந்துவிடுவார். அவர் பார்த்துக்கொள்ளவும் செய்வார், கையில் காசு இருக்கும்வரை. 600 ரூபாய் நாள்கூலியில் தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், அதாவது நாலரை ரூபாய். முதலாளியின் பங்கு 3.25 சதவீதம், பத்தொன்பதரை ரூபாய். ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாட்களுக்குப் பணம் கட்டப்பட்டிருந்தால், நோய் விடுப்பில் கூலியில் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கிடைக்கும். உங்களிடமிருந்து ஐயாயிரம் வாங்குபவர் தலைகுனிந்து வாங்க வேண்டியிருக்கிறது. ஈஎஸ்ஐ பணத்தையோ அவர் உரிமையோடு பெறலாம்.

அட்வான்ஸ் கொடுத்து ஆளைக் கட்டிப்போடுவது

அதற்குப் பெயர் உதவியல்ல.

தொழிலாளர் வீட்டு விசேஷங்கள்

போங்கள், மொய் வையுங்கள். பீஸ் ரேட் (உருப்படிக் கூலி) பேசும்போது அதை ஞாபகப்படுத்தாதீர்கள்.

பாக்கியைக் கேட்கக் கூச்சப்படுவது

நீண்ட நாள் பார்ட்டி, கேட்டால் என்ன நினைப்பாரோ என்று பேசாமல் இருந்துவிட்டு, சனிக்கிழமை சம்பளத்துக்குக் கந்துவட்டி வாங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். நிலுவையில் நிற்பது உங்கள் லாபம் மட்டுமல்ல, டெய்லரின் வாரக் கூலியும்தான் என்பதை உணர்ந்தால் கூச்சம் போய்விடும். உத்யம் என்னும் அரசின் சிறுதொழில் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாட்களுக்குள்ளும், இல்லையென்றால் 15 நாட்களுக்குள்ளும் பணம் தரப்பட வேண்டும். கெடு தாண்டிய தொகையை, அது உண்மையில் கொடுக்கப்படும் ஆண்டில்தான் பார்ட்டி தம் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். ஆகவே பில்லில் உத்யம் எண்ணை அச்சிட்டு அனுப்புங்கள். மார்ச் மாதம் வந்தால் அவருடைய ஆடிட்டரே உங்கள் சார்பில் பாக்கியை ஞாபகப்படுத்துவார்.