கடன் அட்டையைத் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் கணக்குப் பிரிவில் புதிதாகச் சேருகிறவர்கள், முதல் சம்பளம் வந்த சில வாரங்களில் இரண்டு மூன்று கடன் அட்டைகளின் விளம்பரத் தாள்களோடு வந்து, எதை வாங்கலாம் என்று என்னிடம் கேட்பதுண்டு. அவர்கள் விரல் வைத்துக் காட்டும் வரி பெரும்பாலும் ஒன்றுதான்: செலவுக்கு வெகுமதியாக எத்தனை புள்ளிகள், எவ்வளவு கேஷ்பேக் (செலவில் திரும்பக் கிடைக்கும் பணம்). பல ஆண்டுகளுக்கு முன் நானும் அந்த வரியை மட்டுமே படித்தேன். ரகசிய எண்ணைப் பகிரக்கூடாது, கெடு தேதியை மறக்கக்கூடாது என்பவை எல்லோரும் அறிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

நிலுவை வைக்கக்கூடியவர் புள்ளிகளைப் பார்த்து அட்டை எடுப்பது

என் முதல் அட்டை, ஒப்பிட்டுப் பார்த்தவற்றிலேயே அதிகப் புள்ளிகள் தருவதாக இருந்தது. மூன்றாம் மாதம் வீட்டில் எதிர்பாராத மருத்துவச் செலவு வந்ததால் முழுத் தொகையையும் கட்ட இயலவில்லை. செலுத்த வேண்டிய குறைந்தபட்சத் தொகை என்று பில்லில் அச்சிட்டிருந்ததைக் கட்டிவிட்டு, அந்த மாதக் கணக்கு முடிந்தது என்று நம்பினேன். அந்தத் தொகை தாமதக் கட்டணத்தைத் தவிர்க்க மட்டுமே உதவும். மீதித் தொகைக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

அதைவிடப் பெரிய இழப்பு வேறு இடத்தில் இருந்தது. 30 நாளுக்கு ஒருமுறை பில் போட்டு, அதன்பின் பணம் கட்ட 20 நாள் அவகாசமும் தரும் அட்டையில், பில் போட்ட மறுநாள் வாங்கும் பொருளுக்கு ஏறத்தாழ 50 நாள் வட்டி கிடையாது. ஆனால் முந்தைய பில்லில் சிறிது நிலுவை வைத்தாலும், பெரும்பாலான அட்டைகளில் இந்தச் சலுகை புதிய செலவுகளுக்கும் இல்லாமல் போகிறது. அடுத்த வாரம் நான் வாங்கிய மளிகைக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறியது. ஏழு மாதங்கள் கழித்துக் கூட்டிப் பார்த்தபோது, சேர்ந்த புள்ளிகளின் மதிப்பைப்போல் பல மடங்கு வட்டியாகப் போயிருந்தது. அட்டையை விற்க வந்தவர் புள்ளிகளைப் பற்றி அரை மணி நேரம் விளக்கியும் இதைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை என்பது இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகிறது.

வட்டியை மாதக் கணக்கில் குறிப்பிடும்போது அது சிறியதாகத் தோன்றும். மாதம் 3 சதவிகிதம் என்றால் ஆண்டுக்கு 36 என்று நினைப்போம்; வட்டிக்கு வட்டி சேர்ந்தால் அது 42.6 சதவிகிதத்தைத் தொடும். செலவில் 1 அல்லது 2 சதவிகிதம் திருப்பித் தரும் வெகுமதியால் இதை ஒருபோதும் ஈடுகட்ட முடியாது.

ஆகவே அட்டையைப் பார்ப்பதற்கு முன், உங்கள் வங்கிக் கணக்கின் கடந்த 12 மாத வரவு செலவைப் பாருங்கள். ஓரிரு மாதங்களிலேனும் கையிருப்பு வற்றிப்போயிருந்தால், புள்ளிகளை மறந்துவிட்டுக் குறைந்த வட்டி உள்ள அட்டையைத் தேடுங்கள். ஒவ்வொரு மாதமும் முழுத் தொகையையும் கட்டிவிடக்கூடியவர்களுக்குத்தான் புள்ளிகளை ஒப்பிடும் வேலை. இரு சாராருமே, கெடு தேதி சம்பளத் தேதிக்குச் சில நாட்கள் பின்னால் வருமாறு பில் தேதியை மாற்றித் தருவார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஆண்டுக் கட்டணத்தைக் கணக்கிடாமல் விடுவது

கட்டணமுள்ள அட்டை, கட்டணமில்லாத அட்டையைவிட 1 சதவிகிதம் கூடுதலாகத் தருகிறது என்றால், கட்டணத்தைப்போல் 100 மடங்கு செலவழித்த பிறகுதான் அந்தக் கட்டணமே திரும்பக் கிடைக்கும். குறிப்பிட்ட தொகைக்கு மேல் செலவழித்தால் கட்டணம் தள்ளுபடி என்ற நிபந்தனைக்காகத் தேவையற்ற பொருள்களை வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் தள்ளுபடியைவிட அதிகமாக இழந்தார்கள்.

விமான நிலைய ஓய்வறைச் சலுகைக்காக எடுப்பது

ஆண்டுக்கு ஒருமுறை பறப்பவருக்கு அது தேவையில்லை.

அவசரத்துக்குப் பணம் எடுக்கலாம் என்று நம்புவது

பெரும்பாலான அட்டைகளில் எடுத்த நாளிலிருந்தே வட்டி, தனிக் கட்டணமும் உண்டு.

ஒரே வாரத்தில் பல இடங்களில் விண்ணப்பிப்பது

ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் உங்கள் கடன் வரலாறு சரிபார்க்கப்பட்டு அது பதிவாகிறது. அடுத்தடுத்த பதிவுகள் கிரெடிட் ஸ்கோரை, அதாவது கடனைத் திருப்பிக் கட்டுவதில் உங்கள் நம்பகத்தன்மையைக் காட்டும் மதிப்பெண்ணை, குறைக்கக்கூடும். ஒன்றைத் தீர்மானித்து விண்ணப்பியுங்கள். மறுக்கப்பட்டால் காரணத்தைக் கேட்டறிந்து, சில மாதங்கள் பொறுத்து அடுத்ததை முயலுங்கள்.