பேஸ்மென்டில் பொங்கிய சாக்கடை: சிகாகோ வீட்டில் செய்தது

சிகாகோவில் நாங்கள் வாங்கியது 1920களில் கட்டிய செங்கல் பங்களா. கடன், பத்திரம் எல்லாம் சுலபமாக முடிந்தன. முதல் கோடைப் பெருமழையில் பேஸ்மென்ட் தரை வடிகால் வழியே சாக்கடை நீர் பொங்கியது.

இந்த ஊரில் மழைநீரும் கழிவுநீரும் பெரும்பாலும் ஒரே குழாயில்தான் போகின்றன. நிரம்பி வழியும் நீரைப் பிடித்துவைக்க 1975இல் பணி தொடங்கிய ஆழ்சுரங்கத் திட்டம் இருந்தும், கொட்டித் தீர்க்கும் மழையில் தெருக்குழாய் நிரம்பினால் தண்ணீர் வீட்டுக்குள் எதிர்த்து வரும்.

முதலில் மலிவான வேலை. கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய்களைச் சாக்கடையிலிருந்து பிரித்துப் புல்தரைப் பக்கம் திருப்பி, பழைய துளைகளை அடைத்தேன். அப்புறம் லைசென்ஸ் உள்ள பிளம்பரை வைத்து, பெர்மிட் வாங்கி, வெளியே போகும் குழாயில், தெருத் தண்ணீர் எதிர்த்து வந்தால் தானே மூடிக்கொள்ளும் ஒருவழி வால்வு போட்டோம். செலவு வலிக்கத்தான் செய்தது. வால்வு மூடியிருக்கும்போது நம் வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது. அதனால் பெருமழையில் வாஷிங் மெஷின், ஷவர் எதுவும் கூடாது. பிள்ளைகளுக்கு இது மனப்பாடம். வால்வை அவ்வப்போது திறந்து சுத்தம் செய்யவும் வேண்டும், இல்லையென்றால் குப்பை சிக்கி மூடாது.

சாதாரண வீட்டு இன்ஷூரன்ஸ் பொதுவாக இதற்குப் பணம் தராது, தனியாகச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். பழைய வீடு என்றால் குடிநீர் வரும் ஈயக்குழாயையும் பாருங்கள்; 1986 வரை இங்கே அதுதான் விதி. எங்களுடையது இன்னும் ஈயம்தான், இப்போதைக்கு ஃபில்டர்.