இரண்டு நாணயங்கள், ஒரே ஓசை: எறிபொருள் இயக்கத்தை வகுப்பில் செய்து காட்டுதல்

மேசை விளிம்பிலிருந்து விழும் பொருள் தரையைத் தொட ஏறத்தாழ 0.4 நொடிதான் எடுத்துக்கொள்கிறது. இவ்வளவு குறுகிய நேரத்தில் இரண்டு பொருள்களில் எது முந்தியது என்பதைக் கண்ணால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒவ்வொரு மாணவரும் தாம் எதிர்பார்த்ததையே கண்டதாகச் சொல்வார். காதோ அடுத்தடுத்து எழும் இரண்டு ஓசைகளை, நொடியில் நூறில் சில பங்கு இடைவெளி இருந்தாலும் பிரித்து உணர்ந்துவிடும். ஆகவே பதினொன்றாம் வகுப்பில் எறிபொருள் இயக்கத்தை, அதாவது எறிந்த பொருள் புவியீர்ப்பால் விழுந்தபடியே நகர்வதை, தொடங்கும்போது, பார்க்க வைக்கும் சோதனைகளைவிடக் கேட்க வைக்கும் சோதனைகளையே நான் முதலில் செய்து காட்டுகிறேன்.

முதற்சோதனைக்கு ஒரே வகையான இரண்டு நாணயங்களும் 30 செ.மீ. ஸ்கேல் ஒன்றும் போதும். ஸ்கேலை மேசை விளிம்பருகே சாய்வாக வைத்து, அதன் ஒரு முனை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்குமாறு செய்யுங்கள். அந்த முனையின் மேல் ஒரு நாணயத்தை வையுங்கள். மற்றொரு நாணயத்தை மேசை மீது, ஸ்கேலின் உட்பாதிக்கும் விளிம்புக்கும் இடையில், ஸ்கேலை ஒட்டினாற்போல் வையுங்கள். ஸ்கேலின் நடுவில் ஒரு விரலை ஊன்றிக்கொண்டு, வெளியே நீட்டியிருக்கும் முனையை மேசைப் பக்கமாகச் சட்டென்று தட்டுங்கள். ஸ்கேல் அடியிலிருந்து நழுவிவிடுவதால் முதல் நாணயம் செங்குத்தாக விழும். ஸ்கேலின் மறுமுனை தள்ளிவிடுவதால் இரண்டாவது நாணயம் கிடைத்திசையில் பாய்ந்து சற்றுத் தள்ளி விழும்.

தட்டுவதற்கு முன், எது முதலில் தரையைத் தொடும் என்று ஒவ்வொருவரும் தாளில் எழுதட்டும். இதை விட்டுவிட்டால் சோதனையின் பாதிப் பயன் போய்விடும். முடிவைக் கேட்டபின் "நானும் அதைத்தான் நினைத்தேன்" என்று சொல்லாத மாணவர் இல்லை. அதிக தூரம் செல்லும் நாணயம் பிந்தித்தான் விழும் என்று பலர் எழுதுவார்கள். பிறகு மின்விசிறியை நிறுத்திவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொல்லுங்கள். ஒரே ஓசைதான் கேட்கும். அடுத்த முறை இன்னும் வேகமாகத் தட்டுங்கள். நாணயம் இன்னும் தள்ளி விழும், ஆனால் ஓசை அப்போதும் ஒன்றுதான். கிடைத்திசைவேகம் செங்குத்து இயக்கத்தில் தலையிடுவதில்லை என்பதை இதற்குப் பிறகு கரும்பலகையில் எழுதினால் போதும்.

இரண்டு ஓசைகள் கேட்டால் பெரும்பாலும் தட்டிய விதத்தில்தான் பிழை இருக்கும். மெதுவாகத் தட்டினால் முனையிலுள்ள நாணயம் ஸ்கேலோடு இழுபட்டு, மேசை விளிம்பில் இடித்துவிட்டு விழும். ஸ்கேலின் தடிமனால் ஏற்படும் சில மில்லிமீட்டர் உயர வேறுபாட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். தரையை அடையும்போது நாணயத்தின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 4 மீட்டர் என்பதால், அந்த வேறுபாட்டைக் காது உணராது.

அடுத்தது நூலில் கட்டிய நட்டுகள். ஒரே அளவான ஐந்து நட்டுகளை, கீழ் முனையிலிருந்து 0, 10, 40, 90, 160 செ.மீ. தூரங்களில் நூலில் கட்டுங்கள். கவிழ்த்து வைத்த எவர்சில்வர் தட்டின் மேல் கடைசி நட்டு தொட்டும் தொடாமலும் இருக்குமாறு நூலைத் தொங்கவிட்டு, கையை விடுங்கள். மற்ற நான்கு நட்டுகளும் ஏறத்தாழ 0.14 நொடிக்கு ஒன்றாக, தாளம் தப்பாமல் தட்டில் விழும். இன்னொரு நூலில் அதே நட்டுகளை 40 செ.மீ. சம இடைவெளியில் கட்டி விட்டுப் பார்த்தால், ஓசைகள் போகப்போக நெருங்கிவரும். முதல் நூலின் இடைவெளிகள் 10, 30, 50, 70 செ.மீ.; அதாவது 1, 3, 5, 7 என்னும் ஒற்றைப்படை எண்களின் விகிதம். சாய்தளத்தில் குண்டுகளை உருட்டி, பாத்திரத்திலிருந்து ஒழுகிய நீரை எடைபோட்டு நேரத்தைக் கணக்கிட்ட கலிலியோ கண்ட விகிதமும் இதுவே.

மூன்றாவது சோதனையில், சரிவில் உருண்டு மேசையிலிருந்து பாயும் கோலிக்குண்டு விழும் இடத்தை முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். மின்ஒயர்களை மூடும் பிவிசி கேசிங் பட்டியை, மேலே சரிவாகவும் மேசை மீது கிடையாகவும் வருமாறு வளைத்துப் பொருத்துங்கள். பட்டியின் முனைக்குக் கீழே தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் தொடக்கப்புள்ளியைக் குறியுங்கள். பட்டியின் முனை தரையிலிருந்து 78.4 செ.மீ. உயரத்தில் இருந்தால் விழும் நேரம் சரியாக 0.40 நொடி, பெருக்கலும் எளிதாகும். இங்கே நான் ஒருமுறை வகுப்பின் முன் தடுமாறியிருக்கிறேன். கிடைப்பகுதிக்கு மேல் 20 செ.மீ. உயரத்திலிருந்து கோலிக்குண்டை விட்டு, நிலையாற்றல் முழுவதும் நேர்கோட்டு இயக்க ஆற்றலாக மாறுவதாகக் கொண்டு, வேகம் நொடிக்கு 1.98 மீட்டர், நெடுக்கம் (கிடைத்திசையில் கடக்கும் தூரம்) 79 செ.மீ. என்று அறிவித்து, அந்த இடத்தில் டம்ளரை வைத்தேன். குண்டு டம்ளருக்கு ஒரு சாண் தூரம் இப்பாலேயே விழுந்தது. உருளும் திண்மக் கோளத்தின் இயக்க ஆற்றலில் ஏழில் இரண்டு பங்கு சுழற்சிக்குப் போய்விடுவதை நான் மறந்திருந்தேன். அதைச் சேர்த்தால் வேகம் 1.67 மீட்டர், நெடுக்கம் 67 செ.மீ.; உராய்வால் இன்னும் சற்றுக் குறையும். ஆகவே வேகத்தைச் சூத்திரத்தால் பெறாமல், கிடைப்பகுதியில் 20 செ.மீ. குறித்து, நொடிக்கு 240 சட்டங்கள் (ஃபிரேம்கள்) எடுக்கும் கைப்பேசியில் படம்பிடித்து அளப்பதே நல்லது. குண்டு விழும் இடத்தில் வெள்ளைத்தாளும் அதன் மேல் கார்பன் தாளும் விரித்து, ஒரே புள்ளியிலிருந்து ஐந்து முறை விட்டுச் சராசரி எடுங்கள்.

காற்றுத் தடையை விளக்க ஒரு நோட்டுப்புத்தகமும் ஒரு தாளும் போதும். தனியே விட்டால் பின்தங்கும் தாள், நோட்டின் மேல் ஒட்டினாற்போல் வைத்து விட்டால் அதனுடனேயே இறங்கும். நோட்டு தாளை உறிஞ்சி இழுக்கிறது என்று யாராவது மறுத்தால் (நல்ல மறுப்புதான்), தாளைக் கசக்கி உருண்டையாக்கித் தனியே விட்டுக் காட்டுங்கள். 1971 ஆகஸ்டில் அப்பல்லோ 15 பயணத்தின்போது டேவிட் ஸ்காட் நிலவில் சுத்தியலையும் இறகையும் ஒன்றாக விட்ட காட்சியை இதன் பிறகு காட்டலாம்.

இறுதிச் சோதனையை மைதானத்தில் செய்யுங்கள். மூடியில்லாத பிளாஸ்டிக் பாட்டிலின் அடியருகே துளையிட்டுப் பாதியளவு நீர் நிரப்பினால் நீர் பீச்சியடிக்கும். பாட்டிலைக் கைவிட்டதும் அது நின்றுவிடும். பிறகு பாட்டிலை, சுழலாதவாறு மெல்ல மேல்நோக்கிச் சாய்வாக எறியப்போவதாகச் சொல்லி, மேலே ஏறும்போது நீர் வெளியேறுமா என்று கேளுங்கள். ஏறும்போது வெளியேறும், இறங்கும்போது நிற்கும் என்று எழுதியவர்களை முன்வரிசையில் நிறுத்தி எறியுங்கள்; கையை விட்ட கணத்திலிருந்து தரையைத் தொடும்வரை துளையிலிருந்து நீர் பீச்சாது.