ஊசி போடாத கட்டியைத்தான் பார்க்க வேண்டும்

புற்றுக் கட்டிக்குள்ளேயே நோயெதிர்ப்பு மருந்தை ஏற்றிப் பார்க்கும் ட்ரயலில் முதல் நாளே முடிவாக வேண்டியது, எந்தக் கட்டியில் ஊசி படவே கூடாது என்பது. குத்திய கட்டி சுருங்கினால் பெரிய சேதி இல்லை. மருந்து பட்ட இடம் மட்டும் அழுகியிருக்கலாம். தொடாத கட்டியும் கரைந்தால்தான் உடம்பின் எதிர்ப்புச் சக்தி விழித்தது என்று பேசலாம். குடியாத்தத்திலிருந்து முற்றிய வாய்ப்புற்றோடு வருகிறவருக்குக் கழுத்தில் இரண்டு நெறிக்கட்டி, நுரையீரலில் ஒரு கட்டி என்றால், கழுத்தில் ஒன்றுக்கு ஊசி, மற்ற இரண்டும் அளக்க. நெறிக்கட்டியின் குறுக்களவு குறைந்தது 15 மி.மீ., மற்றதன் நீளம் குறைந்தது 10 மி.மீ. இல்லாவிட்டால் கணக்கில் சேராது.

மருந்தளவுக்கு மாதிரி, மெலனோமா என்ற தோல் புற்றுக்கு 2015-ல் அமெரிக்க அனுமதி பெற்ற டி-வெக் வைரஸ் மருந்து. 5 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டிக்கு 4 மி.லி. வரை, 2.5–5 செ.மீ.க்கு 2 மி.லி. வரை. முதல் டோஸ் மி.லி.க்கு 10 லட்சம் வைரஸ் அலகு, 3 வாரம் கழித்து 10 கோடி, பிறகு 2 வாரத்துக்கு ஒருமுறை. மைனஸ் 70 டிகிரிக்கும் கீழே இருப்பதை 20–25 டிகிரியில் அரை மணி வைத்து உருக்க வேண்டும். அக்னி நட்சத்திர வேலூரில் ஏசி இல்லாத அறையை 'அறை வெப்பம்' என்று எழுதிவிடாதீர்கள். புட்டியைக் குலுக்கவும் கூடாது, மெல்லச் சுழற்றினால் போதும்.

ஒரே துளை. ஊசி முனையை வெளியே எடுக்காமல் விசிறி மாதிரி திசை மாற்றி, பின்னிழுக்க இழுக்க மருந்தை விடுங்கள். இறுகிய கட்டி எதிர்த்துத் தள்ளும். அவசரப்பட்டு அமுக்கினால் துளை வழியே மருந்து திரும்பி வந்து கையுறையில் வழியும். ஏற்றியது 2 மி.லி. என்று தாளில் இருக்கும், உள்ளே பாதிதான் நின்றிருக்கும். வழிந்ததையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காய்ச்சல், குளிர் எதிர்பார்த்ததே. ஆனால் மூன்று நாள் தாண்டினால் மருந்தின் மேல் பழி போடாதீர்கள். மழைக்குப் பிந்தைய மாதங்களில் இந்தப் பக்கம் ஸ்க்ரப் டைபஸ் என்ற பூச்சிக்கடிக் காய்ச்சல் உண்டு. அக்குள், இடுப்பு மடிப்பில் கருகிய புண்ணைத் தேடுங்கள். ஆபத்தான பாதகம் எதுவானாலும் இந்தியாவின் 2019 மருந்துப் பரிசோதனை விதிப்படி 24 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும்.

ஏற்றியது உயிருள்ள வைரஸ் என்றால், ஊசி போட்ட இடத்தின் கட்டு மாற்றும் வேலை கர்ப்பிணி மகளிடமோ மருமகளிடமோ போகக் கூடாது. வீட்டில் யார் மாற்றுவார் என்று பெயர் கேட்டு எழுதிக்கொண்டே அனுப்புங்கள்.

முதல் ஸ்கேனில் கட்டி பெரிதாகத் தெரிந்தாலும், நோயாளி தெம்பாக இருந்தால், உடனே ட்ரயலை விட்டு நீக்காதீர்கள். எதிர்ப்பு அணுக்கள் திரண்டாலும் கட்டி வீங்கும். 4 முதல் 8 வாரத்துக்குள் திரும்ப எடுத்துப் பாருங்கள்.